தீப்பெட்டிக்குள் ஓர் ஆணி

ஷூக்காரருக்கு ஒரு பழக்கம் உண்டு. புதிதோ பழையதோ, தைத்து முடித்த எந்த ஷூவையும் உடையவர் கையில் கொடுப்பதற்கு முன் தன் வலது கையை அதற்குள் விட்டு, நுனியிலிருந்து குதிகால் வரை ஒரு முறை தடவிப் பார்த்துவிடுவார். ஆணி முனை ஏதாவது அடித்தோலைத் தாண்டி மேலே எட்டிப் பார்க்கிறதா, நூல் முடிச்சு உறுத்துகிறதா என்று பார்ப்பதற்குத்தான். அவசரக்காரர்கள் முணுமுணுப்பார்கள். "என்னய்யா, உள்ள புதையலா தேடுறே?" என்று ஒரு லாரி டிரைவர் கேட்டது தெருவுக்கே தெரியும். மனுஷன் அசைந்து கொடுக்கவில்லை. "குத்தின பிறகு என் மேல பாயுறதுக்கு, இப்ப ரெண்டு நிமிஷம் நில்லுங்க" என்று தடவிக்கொண்டே இருந்தார். இருபத்தெட்டு வருஷத்தில் அவர் கைபட்ட ஷூ யார் காலையும் குத்தியதில்லை.

ஒரே ஒரு கால் தவிர. அந்தக் கால் அவர் மனைவியுடையது.

ஊருக்கெல்லாம் சகுனம் சொல்லும் பல்லி கழுநீர்ப் பானையில் விழுந்ததாம் என்று நாம் சுலபமாகச் சொல்லிவிடுகிறோம். கேட்கிறவர்களுக்குச் சிரிப்பு வரும். பல்லிக்கு எப்படி இருந்தது என்று யாரும் கேட்டதில்லை.

அவர் மனைவி தபால்காரம்மா. பத்தொன்பது வருஷமாக ஊரின் பதினோரு தெருவுக்கும் அவள்தான் தபால். எந்த வீட்டு நாய் கடிக்கும், எந்த வீட்டுக் கிழவருக்கு மகன் கடிதம் போடுவதில்லை என்பதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. வேகமான நடை. "உங்க வீட்டுக்காரம்மா நடந்து போனா நாங்க ஓடணும்" என்று ஆபீஸ்காரர்கள் ஷூக்காரரிடம் கேலி பேசுவார்கள். ஆறு வருஷத்துக்கு முன் சர்க்கரை வந்தது. மாத்திரையைப் போட்டுக்கொண்டு அதே வேகத்தில் நடந்தாள். போன வருஷம் பாதம் லேசாக மரத்துப்போக ஆரம்பித்தது. "நல்லதாப் போச்சு, இனிமே கால் வலிக்குதுன்னு லீவு கேட்க முடியாது" என்று அதையும் சிரித்தே தள்ளினாள்.

மழை விடாமல் பெய்த ஒரு வாரத்தின் நடுவில், காலையில் புறப்படுகிற நேரத்தில், அவளுடைய வலது ஷூவின் குதிகால் ஆடியது. ஒற்றைக் காலில் செருகிய ஷூவோடு கடைக்கு வந்தாள். வீட்டின் முன்னறைதானே கடை.

"என்னங்க, சீக்கிரம் ரெண்டு ஆணி அடிச்சுக் கொடுங்க. தபால் மூட்டை வந்திருக்கும்."

"கழட்டிட்டு வேற போட்டுக்கோயேன்."

"வேற எதுங்க இருக்கு? ஷூக்காரர் பெண்டாட்டிக்கு ஒரே ஷூ. சொன்னா சிரிப்பாங்க. அடிங்க."

இரண்டு ஆணி அடித்தார். மூன்றாவதையும் அடித்தார். வழக்கம்போல உள்ளே கையை விடப் போனவரிடமிருந்து அவள் ஷூவைப் பறித்து மாட்டிக்கொண்டு, குடையை விரித்தபடியே படியிறங்கிவிட்டாள். அவரும் விட்டுவிட்டார். வீட்டு ஷூதானே, சாயங்காலம் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்தார். சாயங்காலம் மறந்து போனார்.

அப்புறம் நடந்ததை நீட்டி முழக்க மனசு வரவில்லை. மரத்த கால் அவளிடம் எதையும் சொல்லவில்லை. நாலு நாள் கழித்துக் காலுறை நனைந்திருந்ததைப் பார்த்து மழைத் தண்ணீர் என்று நினைத்தாள். காய்ச்சல் வந்த பிறகுதான் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். பாதம் கறுத்துவிட்டிருந்தது. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

அவள் மயக்கத்தில் கிடந்தபோது மாற்றுத் துணி எடுக்க வீட்டுக்கு வந்த ஷூக்காரர், கதவோரம் கிடந்த அந்த வலது ஷூவைப் பார்த்தார். உட்கார்ந்து அதற்குள் கையை விட்டார். குதிகால் பக்கம் விரலில் சுருக்கென்று குத்தியது. ஒரு எள் உயரம்தான் இருக்கும். கையை எடுத்து விரலில் இரத்தத்தைப் பார்த்தார். பிறகு குறடால் அந்த ஆணியைப் பிடுங்கி, காலித் தீப்பெட்டி ஒன்றில் போட்டு, மெழுகு நூல் வைக்கும் இழுப்பறையின் அடியில் தள்ளினார். யாரிடமும் சொல்லவில்லை.

அவளை வீட்டுக்குக் கூட்டிவந்ததும் சபையார் வர ஆரம்பித்தார்கள். நல்ல மனசுக்காரர்கள்தான். சூப் கொண்டு வந்தார்கள், ரொட்டி கொண்டு வந்தார்கள், கட்டிலைச் சுற்றி நாற்காலி போட்டு உட்கார்ந்து ஜெபித்தார்கள். ஆனால் எல்லோரும் கடைசியில் ஒரே இடத்தில் வந்து நின்றார்கள். "கர்த்தருடைய சித்தம்மா. ஏதோ ஒரு நோக்கத்தோடதான் இதை உனக்கு அனுமதிச்சிருக்கார்."

கூட இருந்து பார்த்துக்கொள்ள வந்த அவளுடைய அக்காள்தான் இதில் முன்னணி. ஸ்தோத்திரம் அக்கா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள். பால் பொங்கினாலும் ஸ்தோத்திரம், பொங்கி வழிந்தாலும் ஸ்தோத்திரம். "தங்கச்சி, அவர் நேசிக்கிறவங்களைத்தான் சோதிப்பார், ஸ்தோத்திரம். ஆமென் சொல்லுங்க தம்பி" என்று ஷூக்காரரைப் பார்ப்பாள்.

"ஆமென்" என்பார் ஷூக்காரர். முன்னறையில் இழுப்பறை மூடியிருக்கும்.

தபால்காரம்மா ஒரு மாதம் அதையெல்லாம் கேட்டுக்கொண்டு கிடந்தாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் போன பிறகு, தலைமாட்டில் இருந்த வேதப்புத்தகத்தை எடுத்து அவரிடம் நீட்டினாள்.

"இதைப் பீரோ மேல வைங்க."

"ஏம்மா?"

"கேட்டுப் பார்த்துட்டேன். நடந்து பிழைக்கிறவளோட காலை எதுக்கு எடுத்தீர்னு கேட்டேன். பதில் இல்ல. பதில் வர்ற வரைக்கும் அது அங்கேயே இருக்கட்டும்."

"அப்படிச் சொல்லாதே."

"ஏன் சொல்லக் கூடாது? கழுதைக்குக்கூட அடிக்கிறவன் எதுக்கு அடிக்கிறான்னு தெரியும்."

அவர் புத்தகத்தை வாங்கி பீரோ மேல் வைத்தார். அன்றே சொல்லியிருக்கலாம். திருடனுக்குத் தேள் கொட்டினால் கத்த முடியுமா?

நாட்கள் போயின. அவள் சர்ச்சுக்குப் போகவில்லை. செயற்கைக் காலுக்கு அளவு கொடுக்க வரச் சொல்லி ஆஸ்பத்திரியிலிருந்து இரண்டு முறை கூப்பிட்டார்கள். "கர்த்தர் இன்னொண்ணையும் எடுத்துக்கட்டும், சேர்த்து ஒரேயடியா அளவு கொடுத்துக்கலாம்" என்று சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். உட்கார்ந்தபடி தபால் பிரிக்கிற வேலையை அவளுக்கென்று வைத்திருப்பதாகப் போஸ்ட்மாஸ்டர் சொல்லியனுப்பினார். அதற்கும் பதில் இல்லை. பகலெல்லாம் உதடு மட்டும் அசையும். ஜெபிக்கிறாளோ என்று அக்காள் கிட்டே போய்க் காது கொடுத்துவிட்டு, முகம் வெளுத்துத் திரும்பி வந்தாள்.

"தம்பி, அவ திட்டுறா. சாமியைத் திட்டுறா. நம்ம காதால கேட்கக் கூடாத வார்த்தை."

ஷூக்காரர் தைத்துக்கொண்டிருந்த ஷூவைக் கீழே வைத்தார். ஒரு ஆள் செய்யாத தப்புக்குத் தினமும் இந்த வீட்டில் வசவு வாங்குகிறார் என்றும், செய்தவன் பக்கத்து அறையில் மெழுகு தேய்த்துக்கொண்டிருக்கிறான் என்றும் அவருக்கு அப்போது உறைத்தது. உறைத்தும் என்ன? எழுந்து போய்ச் சொல்லத் தைரியம் வரவில்லை. அதற்குப் பதிலாக, அவளுடைய இடது காலுக்கு ஒரு ஷூ தைக்க ஆரம்பித்தார். கடையில் இருந்ததிலேயே மெத்தென்ற தோல். ஊன்றுகோலோடு நடப்பதற்கு வசதியாக அடி அகலமாக, வழுக்காத ரப்பர் வைத்து, ஆணியே இல்லாமல் பசையும் நூலும் மட்டுமாக.

மேல்தோல் வெட்டுகிற அன்று மனசு எங்கேயோ இருந்தது. கை பாட்டுக்கு வெட்டியது. நிமிர்ந்து பார்த்தபோது பலகை மேல் இரண்டு மேல்தோல் கிடந்தன. ஒன்று இடது, ஒன்று வலது. இருபத்தெட்டு வருஷம் ஜோடி ஜோடியாகவே வெட்டிய கைக்கு ஒன்றோடு நிறுத்தத் தெரியவில்லை. அந்த வலது தோலைத் தூக்கிப்போடவும் முடியாமல், அவள் கண்ணில் படுகிற மாதிரி வைக்கவும் முடியாமல், பழைய கித்தான் பையில் சுருட்டி மேல் தட்டில் வைத்தார். வைத்துவிட்டு வாயில் துண்டை அடைத்துக்கொண்டு அழுதார்.

அடுத்த புதன்கிழமை பாஸ்டர் வந்தார். சைக்கிளில் சுற்றுகிற மனுஷர், வலது பெடலில் தேய்ந்தே அவருடைய ஷூ வாய் பிளந்துவிடும்.

"இன்னும் ஒரு வருஷம் ஓடுமா?" என்றார்.

"ஓடும். நீங்க கொஞ்சம் நடந்தீங்கன்னா ரெண்டு வருஷம் ஓடும்."

பாஸ்டர் சிரித்துக்கொண்டே ஸ்டூலில் உட்கார்ந்தார். காலுறையில் கட்டைவிரல் பக்கம் ஓட்டை. அதைக் காலுக்கடியில் மறைத்துக்கொண்டார்.

"ஒரு உதவி கேட்கணும். ஞாயித்துக்கிழமை ஆராதனையில நீங்க ஒரு சாட்சி சொல்லணும். நாலு மாசமா உங்க குடும்பம் தாங்குற தாங்கலை எல்லாரும் பார்த்துட்டிருக்காங்க. கர்த்தருடைய சித்தத்துக்கு எப்படித் தலைவணங்கினீங்கன்னு ரெண்டு வார்த்தை. கஷ்டத்துல இருக்கிற எத்தனையோ பேருக்கு ஆறுதலா இருக்கும்."

"எனக்குப் பேச வராதுங்க."

"பேச வராதவங்க சொன்னாத்தான் ஜனங்க நம்புறாங்க. வாராவாரம் பிரசங்கம் பண்ற என் பாடு எனக்குத் தெரியும்."

ஷூக்காரர் ஷூவைத் தைத்து முடித்தார். கையை உள்ளே விட்டுத் தடவினார். ஷூவை நீட்டப் போய், மறுபடியும் கையை உள்ளே விட்டார். பாஸ்டர் அதைப் பார்த்தார். கிளம்பும்போது, "பாரமா இருந்தா வேண்டாம். இல்ல, வேற ஏதாவது சொல்லணும்னா அதையும் கேட்டுக்கிறேன். நான் எங்கேயும் ஓடிடலை" என்று சொல்லிவிட்டுச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போனார்.

மறுநாள் மத்தியானம், அக்காள் கஞ்சிக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போன நேரத்தில், ஷூக்காரர் ஒரு கையில் புது இடது ஷூவும் மறு கையில் தீப்பெட்டியுமாகக் கட்டில் அருகே போய் நின்றார்.

"என்ன அது?" என்றாள்.

"ஷூ. உனக்கு."

வாங்கித் திருப்பிப் பார்த்தாள். எத்தனையோ நாளைக்குப் பிறகு அவள் முகம் கொஞ்சம் இளகியது. "நல்லாத்தான் இருக்கு. அந்தத் தீப்பெட்டி?"

அவர் திறந்து காட்டினார். ஆணி தலைப்பக்கம் துருவேறியிருந்தது.

"உன் வலது ஷூவுல இருந்தது. அன்னைக்கு மழையில அடிச்சுக் கொடுத்தேனே, அந்த மூணாவது ஆணி. நீளமானதை எடுத்துட்டேன். உள்ள முனை வந்திருந்தது. கையை விட்டுப் பார்க்கல. எல்லாருக்கும் பார்க்கிறவன் உனக்குப் பார்க்கல. உன் காலை எடுத்தது கர்த்தர் இல்லம்மா. நான்தான்."

கண் தீப்பெட்டியிலேயே இருந்தது.

"எப்ப தெரியும் உங்களுக்கு?"

"நீ ஆஸ்பத்திரியில இருந்தப்பவே."

"நாலு மாசம்." குரல் எழும்பவே இல்லை. "நாலு மாசம் எல்லாரும் வந்து சித்தம் சித்தம்னு சொன்னாங்க. நீங்க ஆமென் சொன்னீங்க."

"சொன்னேன்."

"நான் ராப்பகலா அவர்கிட்ட ஏன் ஏன்னு கேட்டுக்கிட்டுக் கிடந்தேன். பதிலை நீங்க இழுப்பறையில வச்சிருந்தீங்க."

அவர் தலையைக் குனிந்தார். ஷூ பறந்து வந்து அவர் தோளில் பட்டு விழுந்தது. வாசலில் வந்து நின்ற அக்காளின் வாய் ஸ்தோத்திரம் சொல்லத் திறந்து, சொல்லாமலே மூடிக்கொண்டது.

"போங்க. என் முன்னாடி நிக்காதீங்க."

போனார். அன்றும் மறுநாளும் அவள் அவரோடு பேசவில்லை. வீட்டில் பாத்திரச் சத்தம் மட்டும்தான். மழைக்காலம் முடிந்திருந்தும் வெளியே தூறிக்கொண்டிருந்தது. வந்த வேலையை எல்லாம் நாளைக்கு நாளைக்கு என்று திருப்பி அனுப்பினார். அக்காள் அவருக்கு டீ கொண்டுவந்து வைத்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தார். அவளோ கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"தம்பி, நானும்தான் வாய் ஓயாம சித்தம் சித்தம்னு சொன்னேன். என்ன ஏதுன்னு தெரியாமலே கர்த்தர் தலையில கட்டினேன். உங்களுக்கு நாலு மாசம் அது வசதியா இருந்துச்சு. எனக்கு வாழ்நாள் பூரா வசதியா இருந்திருக்கு போல" என்றாள். பிறகு முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

சனிக்கிழமை சாயங்காலம் உள்ளேயிருந்து குரல் வந்தது. "என்னங்க."

ஓடினார். அவள் எழுந்து சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். வேதப்புத்தகம் பீரோ மேலிருந்து இறங்கி மடியில் இருந்தது. அக்காள் எடுத்துக் கொடுத்திருக்க வேண்டும். மூடித்தான் இருந்தது. அதன் மேல் தீப்பெட்டி.

"உட்காருங்க. நான் சொல்றதை நடுவுல பேசாம கேளுங்க."

கட்டில் காலருகே தரையிலேயே உட்கார்ந்தார்.

"மன்னிச்சுட்டேன்னு நினைச்சுக்காதீங்க. காலையில மன்னிக்கலாம்னு தோணுது, சாயங்காலம் வலி வந்ததும் போயிடுது. ஆணி அடிச்சதைக்கூட விட்டுடுவேன். அவசரப்படுத்தினது நான்தான். பேசாம இருந்தீங்களே, அதுதான்."

"தெரியும்."

"பேசாதீங்கன்னேன்ல. ரெண்டு நாளா ஒண்ணையே நினைச்சுக்கிட்டிருக்கேன். நான் அவரை என்னெல்லாம் திட்டினேன் தெரியுமா? எங்க தெரு நாயைக்கூட அப்படித் திட்டினதில்ல. கண்ணில்லையா, காதில்லையா, கொடுமைக்காரன்னு. அவர் என்ன செஞ்சிருக்கலாம்? 'ஏம்மா என்னைத் திட்டுறே, உன் வீட்டுக்காரன் இழுப்பறையைத் திறந்து பாரு'ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்ல? கனவுலயாவது காட்டியிருக்கலாம்ல? உங்களைக் காட்டிக் கொடுக்கல. என் வாயில இருந்து வந்த அத்தனையையும் வாங்கிக்கிட்டுப் பேசாம இருந்தார்."

அவள் தீப்பெட்டியை எடுத்து லேசாக ஆட்டினாள். உள்ளே ஆணி கடகடத்தது.

"அவருக்கு இது புதுசில்லைங்க. யார் யாரோ செஞ்சதுக்குப் பழியைத் தூக்கிக்கிட்டு நின்னவர்தானே. பதில் வரலைன்னு கத்திக்கிட்டிருந்தேன். அவர் பேசாம இருந்தது என்னைக் கைகழுவிட்டதாலன்னு நினைச்சேன். அது இல்ல. உங்க பழியையும் என் வசவையும் சேர்த்துச் சுமந்துகிட்டு என் கட்டில் பக்கத்துலயே உட்கார்ந்திருக்கார். ஆணி வலி அவருக்குத் தெரியும். எனக்காவது மரத்துப்போன காலு. அவருக்கு உயிருள்ள கையி, உயிருள்ள காலு."

அழுதாள். கால் போனதிலிருந்து இத்தனை நாளில் அவள் அழுது அவர் பார்த்ததில்லை. அவர் அவள் கையைப் பிடிக்கப் போய், பிடிக்கலாமா என்று தெரியாமல் போர்வையின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டார்.

"பாஸ்டர் நாளைக்கு சர்ச்சுல சாட்சி சொல்லச் சொன்னாராமே" என்றாள், முகத்தைத் துடைத்துக்கொண்டு.

"முடியாதுன்னு சொல்லிடுறேன்."

"சொல்லுங்க. ஆணின்னு சொல்லுங்க. அங்க உட்கார்ந்திருக்கிற எல்லாரும் என் கட்டிலைச் சுத்தி உட்கார்ந்து அவர் மேல பழி போட்டவங்கதான், நானும் நீங்களும் உள்பட. அந்தப் பழியை அவங்க முன்னாடியே இறக்கி வச்சுடணும்."

"ஷூவுல ஆணி விட்டவன்னு தெரிஞ்சா கடைக்கு யார் வருவா?"

"வராட்டிப் போறாங்க. நான் வர்றேன்."

"எங்க?"

"சர்ச்சுக்கு. இந்தக் காலோடதான். அவரே கல்லறையில இருந்து எழுந்து வந்தப்பவும் காயத்தோடதானே வந்தார்? வேணும்னா துடைச்சுட்டு வந்திருக்கலாம். வச்சுக்கிட்டேதான் வந்தார். எனக்கு என்ன வெட்கம்?"

ஞாயிற்றுக்கிழமை காலையில் வெயில் வந்துவிட்டது. அக்காள் தங்கைக்குத் தலை வாரிவிட்டு, ஊன்றுகோல்களைத் துடைத்துவைத்தாள். தபால்காரம்மா ஒவ்வொரு அடிக்கும் நின்று, மூச்சு வாங்கி, முன்னறைக்கு வந்து வாடிக்கைக்காரர்கள் உட்காரும் ஸ்டூலில் உட்கார்ந்தாள். ஷூக்காரர் புது இடது ஷூவை எடுத்துக்கொண்டு வந்து அவள் முன்னால் மண்டியிட்டார்.

"கையை விட்டுப் பாருங்க" என்றாள்.

"இதுல ஆணியே கிடையாதும்மா. பூராவும் நூலும் பசையும்தான்."

"பாருங்க."

கையை உள்ளே விட்டார். நுனியிலிருந்து குதிகால் வரை மெதுவாகத் தடவினார்.

"இன்னொரு தடவை."

இன்னொரு தடவை தடவினார். இந்த முறை கண்ணை மூடிக்கொண்டு, ஒவ்வொரு தையலாக. அவள் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம் காலை நீட்டினாள். அவர் மாட்டி, நாடாவைக் கட்டினார்.

எழுந்திருக்க ஊன்றுகோலை எடுக்கப் போனவள் அண்ணாந்து மேல் தட்டைப் பார்த்தாள். கித்தான் பையிலிருந்து மேல்தோலின் ஒரு ஓரம் துருத்திக்கொண்டிருந்தது.

"அது என்ன? இதே தோலு மாதிரி இருக்கு?"

அவருக்கு முகம் வெளிறிவிட்டது. "வலது. தெரியாம வெட்டிட்டேன். பழக்கத்துல கை... தூக்கிப் போட்டுடுறேன்."

அவள் ஊன்றுகோலிலிருந்து கையை எடுத்தாள்.

"எதுக்குத் தூக்கிப் போடணும்? திங்கட்கிழமை ஆஸ்பத்திரிக்குப் போய் அளவு கொடுத்துட்டு வருவோம். அந்தக் காலுக்கும் ஷூ வேணுமில்ல? ஒத்தை ஷூவோட ஆபீசுக்குப் போனா, ஷூக்காரர் பெண்டாட்டிக்கு அரை ஜோடிதான்னு சிரிப்பாங்க." உதட்டின் ஓரம் லேசாகக் கோணியது. "அதுல ஆணி நீட்டிக்கிட்டிருந்தாலும் பரவாயில்ல. கட்டைக்காலு, ஒண்ணும் ஆகாது."

அவரால் சிரிக்க முடியவில்லை. மண்டியிட்டபடியே அவள் மடியில் முகத்தை வைத்துக்கொண்டு விம்மினார். அவள் தடுக்கவில்லை. சிறிது நேரம் கழித்து ஒரு கையை எடுத்து அவர் தலையில் வைத்தாள்.

"இல்லம்மா" என்றார். "அதுக்குள்ளயும் கையை விட்டுப் பார்த்துட்டுத்தான் தருவேன்."

"பார்ப்பீங்க. எழுந்திருங்க, மணி அடிச்சாச்சு" என்றாள் அவள்.